அழுக்குத் தொட்டிக்காரர் குலாம் முகம்மது

பாகலூர் சாலையில் அப்போது லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் கடைகள் ஐந்து இருந்தன. ஐந்திலும் சட்டப்படி ஒரு கிரீஸ் தொட்டி இருந்தது. அவற்றில் நான்கு தொட்டிகள் பளபளவென்று இருந்தன. ஒன்று மட்டும் நாறியது. அந்த ஒன்றின் சொந்தக்காரர் குலாம் முகம்மது. அந்தச் சாலையிலேயே ஒழுங்காகத் தொழில் செய்த ஒரே மனிதர் அவர்தான். அதனால்தான் அவர் கடைக்குச் சீல் வைத்தார்கள். அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவன் நான்.

என் பெருமையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் சுடலைமுத்து, ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆள். 1978-ல் ஓசூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். தொழிலாளர் குடியிருப்பில் சி பிளாக்கின் கடைசி வீடு கிடைத்தது. எழுத்துப் பிழையில்லாமல் நாலு வரி எழுதத் தெரிந்தவன் என்பதால் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகவும் ஆக்கிவிட்டார்கள். அதிலிருந்து எனக்கு மனு எழுதும் வியாதி பிடித்துக்கொண்டது. தெருவிளக்குக்கு மனு, ரேஷன் கடைக்கு மனு. சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் ராகி வயலில் இறங்கியதற்கும் மனு போட்டேன். எனக்கு வயல் கிடையாது. ராகியும் பிடிக்காது.

எங்கள் குடியிருப்பின் பெரிய பெருமை பாதாள சாக்கடை. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வோம். சாக்கடை கண்ணுக்கே தெரியாது என்று சொல்லும்போது அவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தக் குழாய் பாகலூர் சாலையின் மேட்டில் தொடங்கி, ஐந்து சர்வீஸ் கடைகளின் கழிவையும் வாங்கிக்கொண்டு, எங்கள் பிளாக்குகள் வழியாகக் கீழே இறங்கும். கடைசி மேன்ஹோல் என் வீட்டு வாசலில். அதற்கப்பால் குழாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதாக வரைபடத்தில் இருந்தது. நிலையம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெயர்ப்பலகையும் கொஞ்சம் சீமைக்கருவேலமும் இருந்தன. குழாய் அந்தப் புதருக்குள் வாயைத் திறந்துகொண்டு முடிந்துவிட்டது.

1985 பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்த மறுநாள் காலையில் என் மனைவி ஜோதிமணி பாத்ரூமிலிருந்து கத்தினாள். போய்ப் பார்த்தால் தரையிலிருந்த ஓட்டை வழியாகக் கறுப்பாக, கெட்டியாக ஏதோ மேலே வந்துகொண்டிருந்தது. ஓசூர்க் குளிரில் கிரீஸ் குழாய்க்குள்ளேயே உறைந்து, அதோடு லாரிகளில் ஒட்டி வந்த கிரானைட் பொடியும் சேர்ந்து, அடைத்துக்கொண்டது. மேட்டிலிருந்து வந்த தண்ணீருக்கு வேறு போக்கிடம் இல்லை. என் வீட்டைத் தேடி வந்தது. மூன்று நாள் அள்ளினோம். ஜோதிமணி தன் அம்மா வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டாள். இரண்டு நாளில் பெட்டியையும் கட்டிவிட்டாள். நான் பேனாவை எடுத்தேன்.

பாகலூர் சாலையின் சர்வீஸ் கடைகள் கிரீஸையும் மண்ணையும் சாக்கடையில் விடுகின்றன, அவற்றின் தொட்டிகளை உடனே சோதிக்க வேண்டும், தவறு செய்தவர் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பேரூராட்சி அலுவலகத்துக்கு எழுதினேன். "கடும்" என்பதன் கீழே இரண்டு கோடு போட்டேன். நான் எழுதிய மனுக்களிலேயே நடவடிக்கை எடுக்கப்பட்ட மனு அது ஒன்றுதான்.

குலாம் முகம்மதுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்தது சிங்காரப்பேட்டை. பதினாலு வயதில் லாரியில் கிளீனராக ஏறினார். அந்த லாரி அவரைப் பெங்களூரில் இறக்கிவிட்டுப் போய்விட்டது, டிரைவரோடு சண்டை. அங்கே ஒரு பெரிய வண்டிப் பணிமனையில் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தார். பதினொரு வருடம் அங்கே இருந்தார். வாரத்துக்கு ஒரு முறை தொட்டியைத் திறந்து அள்ளாவிட்டால் அந்தப் பணிமனையில் சம்பளம் தர மாட்டார்கள். அதனால், வண்டி கழுவும் தொழில் என்றாலே தொட்டி அள்ளுவதும் அதில் சேர்த்தி என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பிவிட்டார். பிற்பாடு வேறு சில கடைகளில் வேலை பார்த்தபோது அங்கெல்லாம் யாரும் அள்ளாததைக் கண்டு சண்டை போட்டு வெளியேறியிருக்கிறார். இப்படி நாலு கடை. ஐந்தாவதாகத் தானே ஒரு கடை வைத்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வழியில்லாமல் போயிற்று.

1979-ல் பாகலூர் சாலையில் கடை போட்டார். ஒல்லியான ஆள். முன்கோபி. லாரியின் அடியில் படுத்துத் துடைத்துத் துடைத்து இடது தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். டிரைவர் காசு கொடுத்துவிட்டுப் போக அவசரப்பட்டாலும் இவர் விட மாட்டார். ஸ்பிரிங் இடுக்கில் இன்னும் மண் இருக்கிறது என்று திரும்ப மேடையில் ஏற்றச் சொல்வார். டிரைவர்கள் திட்டுவார்கள், அடுத்த வாரம் திரும்பவும் அவரிடமே வருவார்கள். மனைவி ஃபகருன்னிசா அவருக்குக் கொண்டுவரும் சாப்பாட்டுத் தூக்கின் கைப்பிடியில் எப்போதும் ஒரு துணி சுற்றியிருக்கும். அந்த மனிதரின் கை பட்ட எதையும் அப்புறம் வீட்டுக்குள் வைக்க முடியாது என்று அந்த அம்மா சொல்வார்.

உரிமம் கொடுக்கும்போது கிரீஸ் தொட்டிக்கான வரைபடம் ஒன்றும் கொடுப்பார்கள். மூன்று அறை. முதல் அறையில் மண் அடியில் தங்கிவிடும். இரண்டாவதில் எண்ணெய் மேலே மிதக்கும். அந்த அறைக்கும் மூன்றாவதுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கும். அதனால் மேலே மிதக்கும் எண்ணெய் இந்தப் பக்கமே நின்றுவிடும், தெளிந்த தண்ணீர் மட்டும் கீழ் வழியாகப் போய்ச் சாக்கடையில் சேரும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம். ஆனால் வாரம் தவறாமல் ஒரு ஆள் அதில் கையை விட்டு அள்ள வேண்டும். அதைத்தான் வரைபடத்தில் வரைய முடியவில்லை.

மற்ற நான்கு பேரும் வரைபடம் சொன்னபடியே கட்டினார்கள், அதில் குறையே இல்லை. கட்டி, உரிமம் வாங்கி, மறுநாள் தொட்டியைச் சுற்றிக்கொண்டு ஒரு குழாயைப் போட்டுச் சாக்கடையில் நேராகச் சேர்த்துவிட்டார்கள். அள்ளுவது அவர்களுக்கு முடியாத வேலை. ஒருவர் தொட்டியின் மேல் தகரத்தைப் போட்டுச் சாப்பாட்டு மேஜையாக வைத்துக்கொண்டார். மேட்டு முனையில் கடை வைத்திருந்த அழகர்சாமி, மதுரைப் பக்கத்துக்காரர், உள்ளே வெள்ளை டைல்ஸ் ஒட்டி நல்ல தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமமும் உண்டு.

குலாம் முகம்மது மட்டும் வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் லாரியைத் தொட மாட்டார். லுங்கியை மடித்துக் கட்டி, தொட்டியின் மூடியைத் தூக்கி, வாளியோடு இறங்குவார். மேலே மிதக்கும் கறுப்பு எண்ணெயைத் தகர டப்பாக்களில் மொள்ளுவார். அதை எடுத்துப் போக பேரிகை கிராமத்திலிருந்து கெம்பம்மா வருவார். வீடு கட்டும் இடங்களில் சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும், மாட்டு வண்டி அச்சுக்குப் போடவும் அந்த எண்ணெய் போகும். அந்த அம்மாவின் பிழைப்பே அதுதான். அடியில் தங்கிய மண்ணைக் குலாம் முகம்மதுவே சாலைப் பள்ளத்தில் கொட்டி மிதித்துவிடுவார். பிறகு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜும்மாவுக்குப் போவார். பள்ளிவாசலில் அவருக்குப் பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் இடம் காலியாக இருக்குமாம். இதை அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

என் மனுவுக்கு மாசியில் பலன் கிடைத்தது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் தங்கமணி வந்தார். கோயமுத்தூர்க்காரர், மரியாதையானவர், லஞ்சம் வாங்காதவர். இதைச் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். நேர்மையான ஆள் ஒருவர் கையில் ஒரு முட்டாள் படிவத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் அன்று நேரில் பார்த்தேன். படிவத்தில் இருந்த முக்கியமான கேள்வி இது ஒன்றுதான்: தொட்டி சுத்தமாக உள்ளதா, இல்லையா?

மனுதாரர் என்ற முறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நானும் பெரிய மனிதன் போல முன்னால் நடந்தேன். முதல் மூன்று கடைகளிலும் தொட்டி காய்ந்து கிடந்தது. சுத்தம் என்று எழுதினார். அழகர்சாமி கடையில் எங்களுக்கு இளநீர் கொடுத்தார்கள். அழகர்சாமி மூடியைத் திறந்து, "இதுல முகம் பாத்துத் தல சீவலாம்ணே" என்றார். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். நானும் எட்டிப் பார்த்தேன். தினம் பதினைந்து லாரி கழுவுகிற கடையின் கழிவுத் தொட்டி எப்படி இப்படி இருக்கிறது என்று ஒரு ஃபிட்டருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. இளநீர் நன்றாக இருந்தது.

கடைசியாகக் குலாம் முகம்மது கடை. அன்று வியாழக்கிழமை. ஆறு நாள் அழுக்கு தொட்டியில் நிறைந்திருந்தது. மூடியைத் திறந்ததும் நான் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டேன். என் வீட்டுப் பாத்ரூமில் வந்த அதே கறுப்பு, அதே நாற்றம். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று என் மனம் குதித்தது. இன்ஸ்பெக்டர் முகம் சுளித்துக்கொண்டே "இல்லை" என்பதில் டிக் அடித்தார்.

குலாம் முகம்மதுவுக்கு முதலில் விளங்கவேயில்லை. விளங்கியதும் கத்தினார். "தொட்டி அழுக்கா இருக்குதுன்னா அது வேல செய்யுதுன்னு அர்த்தம் சார். சுத்தமா இருக்கற தொட்டிங்களப் போயி கேளுங்க, உன் அழுக்கு எங்கன்னு."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க பாய்," என்றார் தங்கமணி. "படிவத்துல ஒரே கேள்விதானுங்க. நாளைக்கு என்னையக் கேப்பாங்க."

அவர் நீட்டிய படிவங்கள் ஐந்திலும் நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். அழகாகவே போட்டேன்.

பத்தாம் நாள் குலாம் முகம்மதுவுக்கு நோட்டீஸ் வந்தது. முப்பது நாட்களுக்குள் தொட்டியைச் சுத்தமாக வைக்கத் தவறினால் கடை மூடப்படும், தண்ணீரும் சாக்கடை இணைப்பும் துண்டிக்கப்படும் என்று எழுதியிருந்தது. அந்த மனிதருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கடை போனால் திரும்பவும் வாளியைத் தூக்கிக்கொண்டு இன்னொருவனுடைய லாரி மேடைக்கு அடியில் போய்ப் படுக்க வேண்டும். சண்டை போட்டு வெளியேறிய நாலு கடைகளும் அவருக்கு நினைவில் இருந்தன. அவருக்கு வேறு தொழில் தெரியாது, வேறு மாதிரி செய்யவும் தெரியாது.

ஒரு சாயங்காலம் நோட்டீஸை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். மனு போட்டவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியும். அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கதவைப் பாதி மட்டும் திறந்தேன். அவர் வாசலிலேயே நின்றார். "நீங்க எழுதுனா ஆபீசுல படிக்கிறாங்க சார். என்னுதையும் எழுதிக் குடுங்க." உள்ளே வரச் சொன்னேன். தன் லுங்கியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை காலை கடைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

போனேன். அவர் அள்ளுவதைப் பார்த்தேன். மூன்றாவது அறையில் சாக்கடைக்குப் போகிற தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்துக் காட்டினார். கொஞ்சம் கலங்கலாக இருந்தது, எண்ணெயே இல்லை. ஒரு வாரத்துக் கறுப்பு எண்ணெய் ஒன்பது டப்பா நிறைந்தது. கெம்பம்மா தன் வண்டியில் ஏற்றிக்கொண்டே கன்னடத்திலும் தமிழிலுமாக என்னைக் காட்டி ஏதோ சொன்னார். படித்தவர்கள் வந்தால் கேடுதான் வரும் என்கிற அர்த்தம் என்று பாய் சொல்லாமலேயே எனக்கு விளங்கியது. அங்கிருந்து நேராக அழகர்சாமி கடைக்குப் பின்பக்கம் போனேன். செடிகளுக்கு நடுவில் நாலங்குலக் குழாய் ஒன்று தொட்டியைச் சீண்டாமல் வளைந்து போய் மேன்ஹோலில் இறங்கியது. ஒன்பது டப்பாவை நாலால் பெருக்கிப் பார்த்தேன். அவ்வளவும் வாராவாரம் என் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. நல்லவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று உறைத்தது. வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்டவன் சும்மா இருந்திருக்கலாம். நான் நாலு பக்கம் எழுதினேன். தொட்டி எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு விளக்கினேன். எண்ணெய் தொட்டியில் இருப்பதுதான் நல்லது, சாக்கடையில் இருப்பதுதான் கெட்டது என்று எழுதினேன். மற்ற கடைகளின் கள்ளக் குழாய்களையும் இடம் குறித்துக் காட்டினேன். குலாம் முகம்மது பெருவிரலில் மையைத் தடவி அழுத்தமாக வைத்தார். விரல் ரேகையில் ஏற்கெனவே இருந்த கறுப்பு, மையைவிட நன்றாகப் பதிந்தது.

அலுவலகத்திலிருந்து வந்த பதிலை நான் இன்னும் வைத்திருக்கிறேன். தமது தொட்டியில் எண்ணெய் இருப்பதை மனுதாரரே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளார். மற்ற நான்கு தொட்டிகளும் சுத்தமாக இருப்பது, குடியிருப்போர் சங்கச் செயலாளர் முன்னிலையில், அவரது கையெழுத்துடன் உறுதி செய்யப்பட்டுள்ளது. எனவே மேல்நடவடிக்கை தொடரும். அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

நான் அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். கள்ளக் குழாயை வந்து பாருங்கள் என்றேன். குழாய்ப் பிரிவு வேறு, தொட்டிப் பிரிவு வேறு, குழாயைப் பார்க்கத் தனி மனு வேண்டும் என்றார்கள். தனி மனு போட்டேன். குழாய்ப் பிரிவில் அப்போது ஆள் இல்லை. தங்கமணி மட்டும் என்னைத் தனியே அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முதலில் எழுதியது தப்பு என்று அவர் எழுதினால் அவர் வேலைக்கு ஆபத்து. பாய் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தொட்டியைத் துடைத்து வைத்தால் போதும், தான் டிக்கை மாற்றிவிடுவதாகச் சொன்னார்.

பாயிடம் வந்து சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். இரண்டு நாள் லாரி எதையும் ஏற்றாமல் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிட்டுக் காத்திருந்தார். மேலதிகாரிக்கு ஜீப் கிடைக்காததால் மறுசோதனை ஐந்து நாள் தள்ளிப் போயிற்று. ஐந்து நாளும் கடையை மூடி வைக்க முடியுமா? மூன்றாம் நாள் குவாரியிலிருந்து அவருடைய பழைய டிரைவர்கள் நாலு பேர் வரிசையாக வந்து நின்றார்கள். கழுவினார். கழுவினால் அழுக்குத் தண்ணீர் வரும், வந்தால் அது தொட்டிக்குள்தான் போக வேண்டும், இதைத் தவிர வேறு வழி அவர் புத்தியில் இல்லை. ஜீப் வந்தபோது தொட்டி வழக்கம்போல இருந்தது. சித்திரையில் சீல் வைத்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. குலாம் முகம்மதுவிடம் வந்த லாரிகள் எல்லாம் மற்ற நான்கு கடைகளுக்குப் போயின. அதுவரை தொட்டியில் நின்ற ஒன்பது டப்பா எண்ணெயும் இப்போது சாக்கடைக்குள் இறங்கியது. ஆனியில் எங்கள் பிளாக்கில் ஆறு வீட்டில் அடைப்பு. நான் அலுவலகத்துக்குப் போனேன். குற்றவாளியை மூடிய பிறகும் ஏன் அடைக்கிறது என்று கேட்டேன். இது அந்த ஆள் முன்னால் விட்டுவைத்த கிரீஸ், போகப்போகச் சரியாகும் என்றார்கள்.

இரண்டு மாதத்தில் அவர் இன்னும் ஒல்லியானார். வேலையில்லாத மனிதர் தினமும் வந்து சீல் வைத்த கதவுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, அழகர்சாமி கடைக்கு ஏறும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்பிரிங் இடுக்கில் மண் இருப்பது அங்கிருந்தே தெரிகிறது என்பார். கெம்பம்மா பேரிகைக்கே போய்க் கூலி வேலையில் சேர்ந்துவிட்டார். ஒருநாள் அழகர்சாமியே டீக்கடைக்கு வந்து, நீ என் கடைக்கு வா பாய், அடியில் படுத்துத் துடைக்க உன்னைப்போல ஆள் கிடையாது என்றாராம். நல்ல மனதோடுதான் கேட்டார். குலாம் முகம்மது டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

ஆடியில் அவர் தோற்றார். நாலங்குலக் குழாயும் இரண்டு வளைவும் வாங்கி வந்தார். அவரே தோண்டி, அவரே தொட்டியைச் சுற்றிக் குழாயைப் பதித்தார். உள்ளே வெள்ளை டைல்ஸ் ஒட்டினார். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர் என்பதால் இதையும் நன்றாகவே செய்தார். அழகர்சாமி தொட்டியில் மூலை டைல்ஸ் கொஞ்சம் கோணல், இவருடையதில் அதுவும் இல்லை. ஜீப் வந்தது. சுத்தம் என்று எழுதினார்கள். சீலை உடைத்தார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. திருந்திய தொழிலகம் என்று அக்டோபர் இரண்டாம் தேதி குடியிருப்பு விழாவில் அவருக்கு ஒரு சான்றிதழும் எவர்சில்வர் தட்டும் கொடுக்க அலுவலகம் முடிவு செய்தது. பாராட்டுரை வாசிக்க வேண்டியவர் சங்கச் செயலாளர். நான் வாசித்தேன். தூய்மையின் அவசியத்தை உணர்ந்து தம்மைத் திருத்திக்கொண்ட திரு. குலாம் முகம்மது அவர்கள் என்று மைக்கில் என் குரல் கேட்டது. அவர் வெள்ளைச் சட்டையில் மேடையேறித் தட்டை வாங்கினார். கூட்டம் கைதட்டியது. அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

அந்த மார்கழியில் என் வீட்டில் வந்தது பாத்ரூமோடு நிற்கவில்லை. கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குள் வந்தது. ஜோதிமணி தையில் கட்டிய பெட்டியைத் திறக்காமலேயே தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். சாக்கடை சரியானதும் எழுதுங்கள், உங்களுக்குத்தான் எழுத வருமே என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் குலாம் முகம்மது கடைக்குப் போனேன்.

அவர் ஒரு டிப்பரின் அடியில் இருந்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். நான் என்ன கேட்டேன் என்பதை வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்தக் குழாயை எடுத்துவிடுங்கள் பாய், பழையபடி தொட்டிக்குள் விடுங்கள், நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், எவனாவது சோதிக்க வந்தால் முன்கூட்டியே ஆள் அனுப்புகிறேன் என்று மெல்லிய குரலில் கெஞ்சினேன். சட்டப்படி செய்ய வேண்டியதை யாருக்கும் தெரியாமல் செய்யும்படி ஒரு மனிதரிடம் கெஞ்ச வைக்கிற நாட்டில் நான் இருந்தேன். அந்த நாட்டுக்கு நானும்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"பெங்களூருலயும் இங்கயுமா பதினேழு வருசம் வெள்ளிக்கெழம தவறாம கைய விட்டு அள்னன் சார்," என்றார். "அப்பெல்லாம் நான் குத்தவாளி. இப்ப தொடறதே இல்ல, தட்டு குடுக்கறீங்க. மறுபடி அள்ளி, மறுபடி மூடிட்டா நான் எங்க போவன்?" குரலில் கோபம்கூட இல்லை. வீட்டில் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டார். அடுப்படி வரைக்கும் என்றேன். அவர் திரும்பவும் டிப்பரின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் திரும்பி வந்து வாளியை எடுத்தேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு வாசலில் இரும்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால், குலாம் முகம்மது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசல் மேன்ஹோலின் மூடியைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கெம்பம்மாவும் வண்டியும் டப்பாக்களும். பேரிகைக்கு ஆள் அனுப்பி வரவழைத்திருக்கிறார். மேன்ஹோலின் ஓரத்தில் கவிழ்ந்து படுத்து, இறங்கிப்போன தோளை உள்ளே விட்டு, உறைந்து கிடந்த கிரீஸை வாளி வாளியாக மொண்டு மேலே கொடுத்தார். ஐந்து கடையின் கறுப்பும் அதில் இருந்தது. அழகர்சாமியினுடையது எது, மற்றவர்களுடையது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பத்து மணிக்குள் இருபது டப்பாவுக்கு மேல் நிறைந்துவிட்டது. உள்ளே தண்ணீர் கடகடவென்று இறங்கும் சத்தம் என் வீட்டு பாத்ரூம் வரைக்கும் கேட்டது.

நான் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்காக ஏன் பாய் இவ்வளவு கஷ்டம், நான் உங்களுக்குச் செய்ததற்கு நீங்கள் என் முகத்தில் முழிக்கவே கூடாது என்றேன்.

அவர் தலையைத் தூக்காமலேயே அடுத்த வாளியை என் கையில் கொடுத்தார்.

"உங்களுக்காக இல்ல சார்," என்றார். "இதுல என்னுதும் இருக்குது."